ஓர் ஆள் சுமை

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தது 4,940 மீட்டர் வரைதான். மிச்சமிருந்த அந்த 424 மீட்டரைப் பற்றித்தான் பெங்களூரில் எல்லோரும் விசாரித்தார்கள். "அவ்ளோ தூரம் போயிட்டு அதை மட்டும் விட்டுட்டு வந்துட்டியேடா" என்று ஒரு நண்பன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அரூரில் அப்பா கேட்டது வேறு.

"எறங்கறப்ப உன்ன எத்தன பேரு தூக்குனாங்க?"

"ஒருத்தர்தாம்ப்பா."

"ஒருத்தனா?" என்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தவர்போல எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

அந்த ஒருத்தரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது இன்னொரு மலைக்கும் போய்விட்டது.

*

அப்பா பிறந்தது சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊரில். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களிலேயே பலர் அந்த மலைக்குப் போனதில்லை. அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியைத் தெரியும், 1992க்குப் பிறகு, அந்தக் காரணத்துக்காக. நாங்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையில் இருக்கிற மலையாளிகள். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி என்று இந்தப் பக்கத்து மலைகள் எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள் உண்டு. பொறியியல் கல்லூரி விடுதியில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டுப் பையன் ஒருவன் என்னிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்தான். நான்கு வருடமும் அவனுக்கு அது புரியவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்ல அலுத்துவிட்டது.

நான் மலையில் வளரவில்லை. நான் பிறப்பதற்கு முந்தின வருடமே அப்பா கீழே இறங்கி வந்து அரூரில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கச் சேர்ந்துவிட்டார். ஏன் இறங்கினார் என்று நான் கேட்டதில்லை. எல்லோரும்தான் இறங்கினார்கள். சாமையும் ராகியும் போட்டு, கடுக்காயும் புளியும் பொறுக்கிப் பிழைத்தவர்கள், பள்ளிக்கூடத்துக்காகவோ கூலிக்காகவோ இறங்கினார்கள். அப்பாவும் அப்படி ஒருவர் என்று நினைத்திருந்தேன்.

2023ஆம் வருடம் அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அங்க என்னா கோயிலு?"

"கோயில் இல்லப்பா. சும்மா ஏறிப் பாக்கறதுதான்."

"சாமியும் இல்ல, வூடும் இல்ல. அப்பறம் என்னாத்துக்கு ஏறணும்?"

தீர்த்தமலைக்கு ஏறினால் ராமர் தீர்த்தம். மலையிலிருந்து இறங்கினால் உப்பு, புளி, ஆஸ்பத்திரி. அவருக்கு மலை என்பது அவ்வளவுதான். எனக்கு அந்த வருடம் முப்பத்தைந்து வயது, எல்லையில்லாத ஆன்-கால் வேலை, ஒரு பிரிவு, தொப்பை. ஆபீஸிலிருந்து நான்கு பேர் போகிறார்கள் என்றதும் ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டேன். இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் இப்போது புதிதாக உண்டாக்க விரும்பவில்லை.

*

சீசனில் காட்மாண்டுவிலிருந்து நேராக லுக்லாவுக்கு விமானம் கிடைப்பது கஷ்டம். நள்ளிரவுக்குப் பிறகு ஜீப்பில் கிளம்பி, வயிற்றைக் கலக்கும் வளைவுகளைக் கடந்து, மந்தாலி என்ற இடத்துக்குப் போய் அங்கிருந்து பறக்க வேண்டும். எங்களுக்கு மேகம் இறங்கி முதல் நாள் விமானம் ரத்தானது. மறுநாளும் மதியத்துக்கு மேல்தான் கிளம்பியது. லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளம், மலைச்சரிவில் சாய்வாகப் போட்டது. இறங்கும்போது மேடேறி நிற்கும், கிளம்பும்போது பள்ளத்தில் உருண்டு எகிறும். வீடியோ எடுக்கலாம் என்று போனை நீட்டியவர்கள் எல்லோரும் கடைசி நொடியில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டோம்.

இழந்த அந்த ஒன்றரை நாள்தான் பின்னால் என்னைப் பிடித்தது.

லுக்லாவுக்கு மேலே வண்டிப் பாதை கிடையாது. அதாவது, மேலே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் முதுகிலோ, கோவேறு கழுதையின் முதுகிலோ, யாக்கின் முதுகிலோ போனது. கேஸ் சிலிண்டர், பீர் கேன், ஒட்டுப்பலகை, முட்டை, வெஸ்டர்ன் டாய்லெட். ஆம், டாய்லெட் பீங்கானை ஒருவர் சுமந்து போவதைப் பார்த்தேன். இரண்டு.

அவர்கள் தலையில் சும்மாடு வைத்துத் தூக்குவதில்லை. தோளில் வார் மாட்டுவதும் இல்லை. சுமையின் அடியிலிருந்து வரும் அகலமான பட்டை ஒன்றை உச்சிநெற்றியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு நாம்லோ என்று பெயர். கூடைக்கு டோக்கோ. கையில் டி எழுத்து வடிவில் ஒரு குட்டைக் கம்பு, தோக்மா. நிற்க வேண்டுமென்றால் சுமையை இறக்குவதில்லை, அந்தக் கம்பைப் பின்னால் கொடுத்துச் சுமையை அதன்மேல் உட்காரவைத்துவிட்டு நின்றபடியே இளைப்பாறுகிறார்கள்.

நாம்சே பஜாரிலிருந்து அப்பாவுக்கு இதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மலைச்சிகரங்களை அனுப்பியபோதெல்லாம் நீலக்குறி மட்டும் வரும், பதில் வராது. இதற்கு உடனே வீடியோ காலில் வந்தார்.

"அந்தப் பட்டைய கிட்ட காட்டு. நெத்தியிலயா மாட்டறான்? கழுத்து போயிருமே." பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுமைகாரரிடம் கேட்டு, பட்டையைக் கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நெய்த கயிறுதான், நடுவில் நான்கு விரல் அகலம். "ம்ம். முதுகுதான் வாங்குது. தல சும்மா புடிச்சிக்குது" என்று அவரே கண்டுபிடித்தார். கம்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நம்மூருல சுமதாங்கிய ரோட்டோரம் நட்டு வெச்சாங்க. இவன் கையிலயே எடுத்துக்கிட்டுப் போறான் பாரு, வெவரமானவன்."

முப்பது வருடம் மூட்டை தூக்கிய ஒருவர், இன்னொரு தொழில்காரனைப் பார்த்து வியந்தது அது. என் பயணத்தில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

இவர்களை அளந்திருக்கிறார்கள். 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. நாம்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் சுமைகாரர்களை வழியில் நிறுத்தி எடைபோட்டார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள். பெண்கள் 66 சதவீதம். தன் எடையைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்கும் மேல் சுமந்தவரும் இருந்தார். எப்படி முடிகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் பெரிய ரகசியம் எதையும் சொல்லவில்லை. மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள், நாள் முழுக்க நடக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்.

எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டு 1856இல் அறிவித்த அந்த மாபெரும் நில அளவைப் பணி, 1802இல் நம் பரங்கிமலைப் பக்கம் போட்ட ஓர் அடிக்கோட்டில்தான் தொடங்கியது. லாம்டன் துரை கொண்டுவந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமானது அதுதான். கருவிக்குப் பெயர் இருக்கிறது, துரைக்குப் பெயர் இருக்கிறது, அவருக்குப் பின் வந்த துரையின் பெயர் மலைக்கே வந்துவிட்டது. தூக்கியவர்கள் யார் என்று நான் படித்த எதிலும் இல்லை.

*

எங்கள் ஐந்து பேருக்கு ஒரு வழிகாட்டி, மூன்று சுமைகாரர்கள். வழிகாட்டியை எல்லோரும் 'தாய்' என்று கூப்பிட்டார்கள். நேபாளியில் அண்ணன் என்று அர்த்தம். உச்சரிப்பு லேசாக வேறுதான், ஆனால் ஒரு மீசைக்காரரைப் பத்து நாள் தாயே, தாயே என்று கூப்பிட்டுக்கொண்டு நடப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் பையைத் தூக்கியவர் ஒகல்துங்கா பக்கத்து ராய் இளைஞர், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். ஷெர்பா இல்லை. பேஸ் கேம்ப் பாதையில் நம் பைகளைத் தூக்குபவர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் என்று நினைக்கிறோம். பலர் கீழ் மலைகளிலிருந்து கூலிக்கு வருகிற ராய்களும் தமாங்குகளும் மகர்களும். இந்த உயரம் அவர்களுக்கும் புதிது, அவர்களுக்கும் தலை வலிக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எனக்கு இருந்தது, மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறையும் என்று. இல்லை. எங்கே போனாலும் 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது. பேஸ் கேம்பில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. உடம்பு அதற்கு முதலில் செய்வது வேகமாக மூச்சுவிடுவது. அப்படிச் செய்தால் கார்பன் டையாக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரமாகிவிடும். உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். இரவில் இந்த இழுபறியில் சில நொடிகள் மூச்சே நின்று, பிறகு திணறி எழுவோம். சிறுநீரகம் மெல்ல மெல்லக் காரத்தை வெளியேற்றிக் கணக்கை நேர் செய்யும்வரை இந்தச் சண்டை ஓயாது. அதற்கு நாள் வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை அந்த வேலையைத்தான் கொஞ்சம் சீக்கிரமாக்குகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்குத் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வெடு என்பதெல்லாம் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் அவகாசம்தான்.

எங்களுக்கு அவகாசம் இல்லை. மூன்று பேருக்குத் திங்கட்கிழமை ரிலீஸ் இருந்தது. திங்போச்சேயில் எடுக்க வேண்டிய ஓய்வு நாளை விட்டுவிடலாம் என்று ஐந்து பேரும் பேசி முடிவெடுத்தோம். தாய் முகத்தைச் சுளித்தார். இரண்டு முறை வேண்டாம் என்றார். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாதாடினால் எப்படியிருக்கும் என்று எங்கள் மேனேஜரைக் கேட்டால் தெரியும்.

எனக்கு நாம்சேயிலேயே தலைவலி ஆரம்பித்திருந்தது. 3,440 மீட்டர்.

ராத்திரிதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு தாய் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார். தலைவலி, வயிறு, களைப்பு, தலைசுற்றல். நான்குக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண். லேக் லூயிஸ் அளவுகோல் என்று பெயர். தலைவலியோடு சேர்த்துக் கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் மலைநோய். கேள்விகள் ரொம்ப எளிது, ஏமாற்றுவதும் எளிது. நான் தலைவலிக்கு பூஜ்யம் என்றேன். கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டோலோ போட்டிருப்பேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் டீ கிளாஸை இரண்டு கையாலும் நன்றாகப் பிடித்துச் சூடேற்றிவிட்டு விரலை நீட்டுவேன். 84. 81. 79. நோட்டில் அழகாக இறங்கிக்கொண்டு வந்தது, மற்றவர்களுக்கு இறங்கிய அதே அளவில்.

என் வேலையே எச்சரிக்கைகளைக் கவனிப்பது. சர்வரின் சத்தம் தாங்காமல் அலர்ட்டை ம்யூட் பண்ணுகிற ஜூனியர் பசங்களை நான் திட்டியிருக்கிறேன். அதையே என் மண்டைக்குச் செய்துகொண்டிருந்தேன், தெரிந்தே. காரணம் கேவலமானது. சொன்னால் இறக்கிவிடுவார்கள். மற்ற நான்கு பேரும் பேஸ் கேம்ப் பாறைமேல் நின்று போட்டோ எடுக்கும்போது நான் கீழே ஏதோ ஒரு டீ ஹவுஸில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அது தாங்க முடியாததாகத் தோன்றியது.

*

லோபுச்சே ஒரு ஊர் இல்லை. பனி, கல், சில விடுதிகள். சாப்பாட்டுக் கூடத்தில் யாக் சாண வறட்டியை அடுப்பில் போடுகிறார்கள். அந்த வாசனையில் கண்ணை மூடினால் பாட்டி வீடு. அன்று நான் சூப்பைத் தொடவில்லை. தாய் நோட்டை எடுக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. எண்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நாங்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தேன். தாய் கூடத்தில் டார்ச்சைத் தரையில் அடித்து, பலகை இடுக்கு ஒன்றைக் காட்டி, "குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி இதுமேல் நட" என்றார். சுலபம் என்று நினைத்தேன். மூன்றாவது அடியில் பெஞ்சின்மேல் விழுந்தேன். திரும்ப முயன்றேன், திரும்ப விழுந்தேன். சோர்வு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவரிடம் நீளமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று மறுநாள் நண்பன் சொன்னான்.

மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அந்தத் தள்ளாட்டம்தான் அடையாளம். அதற்கு ஒரே மருந்து இறங்குவது. இரவில் ஹெலிகாப்டர் வராது. இன்ஷூரன்ஸ் பேப்பர் பையில் பத்திரமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். தாய், அந்த இளைஞர், நான். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நடத்தினார்கள். பாதி ஞாபகம்தான் இருக்கிறது. நிலா இருந்தது. கால் என்னுடையதாக இல்லை. தூக்லா கணவாயில் கொண்டுவந்து ஒரு கல் குவியலில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எவரெஸ்டில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் வைக்கும் இடம் அது. 1996இல் இறந்த ஸ்காட் ஃபிஷருக்கு, 2001இல் இறந்த பாபு சிரி ஷெர்பாவுக்கு, இன்னும் பலருக்கு. முந்தின நாள் பகலில் அங்கே நின்று ஒவ்வொன்றாகப் படித்து, போட்டோ எடுத்து, பிஸ்கட் சாப்பிட்டிருந்தேன். ராத்திரியில் எதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அங்கிருந்து தூக்லாவுக்குப் பாறைகளுக்கு நடுவே செங்குத்தான இறக்கம். பகலில் திடமான ஆட்களே பார்த்துப் பார்த்து இறங்குகிற இடம். இளைஞர் தன் நாம்லோவை எடுத்தார். ஒரு கம்பளியை மடித்து என் தொடைக்கடியில் கொடுத்து, அதைச் சுற்றிக் கயிறு போட்டு, பட்டையை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். எனக்கு 76 கிலோ. அவர் 55 இருந்தால் அதிகம்.

கன்னத்தை அவர் பின்கழுத்தில் வைத்திருந்தேன். மண்ணெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. முப்பது நாற்பது அடி இறங்குவார், தோக்மாவை எனக்கு அடியில் கொடுத்து நிற்பார். நிற்கும்போது உதட்டைக் குவித்து விசில் மாதிரி மூச்சை விடுவார். பிறகு நாற்பது அடி. நான் எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை நழுவியது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். ஒரு இடத்தில் அவர் கால் சறுக்கியது. ஒரு கணம்தான், சமாளித்துவிட்டார். எனக்கு அப்போது பயம் இல்லை, அவமானமும் இல்லை. அதெல்லாம் மறுநாள் வெயில் வந்தபிறகு வந்தது. நாம்சேயில் நான் போட்ட அந்த பூஜ்யங்களை எல்லாம் இந்த ஆள் கழுத்து எலும்பால் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று.

தூக்லாவில் ஒரு விடுதிக்காரரை எழுப்பிக் குதிரை ஏற்பாடு செய்தார்கள். பெரிச்சேவுக்குப் போகும்போது வெளுத்துக்கொண்டிருந்தது. அங்கே இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் சீசன்தோறும் நடத்தும் ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆக்சிஜன், டெக்ஸாமெதாசோன் ஊசி. தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். "நாம்சே" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், வேறொன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

நான் தூங்கி எழுந்தபோது அந்த இளைஞர் இல்லை. மற்றவர்களின் பைகளைத் தூக்க அப்போதே லோபுச்சேவுக்குத் திரும்ப ஏறிப் போயிருந்தார்.

அவரை மறுபடி பார்த்தது லுக்லாவில், கடைசி ராத்திரி. பத்தாயிரம் நேபாள ரூபாய் கொடுத்தேன், நம் பணத்தில் 6,250. இடதுகையால் வலது முழங்கையைத் தொட்டபடி வாங்கிக்கொண்டார். ரொம்பக் கனமாக இருந்தேனா என்று தாய் மூலம் கேட்டேன், வேறென்ன கேட்பதென்று தெரியாமல். யோசித்துவிட்டு, "ஒட்டுப்பலகையைவிடப் பரவாயில்லை. பலகை காற்றைப் பிடிக்கும்" என்றார்.

*

ஊருக்கு வந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோதுதான் முதலில் எழுதிய அந்தக் கேள்வி வந்தது. மோட்டாரை நிறுத்தப் போனவர் அரைமணி நேரம் கழித்து வந்தார்.

"கால்ல என்னா போட்டிருந்தான் அந்தப் பையன்?"

தெரியவில்லை. போனில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. தேடினேன். அவர் இருந்தது ஒரே ஒரு படத்தில், ஓரத்தில், நெற்றிப் பட்டையும் பாதி முகமும். இடுப்புக்குக் கீழே இல்லை.

"நாங்க நாலு பேரு" என்றார் அப்பா. "நாலு பேருக்கும் செருப்பு இல்ல."

எனக்கு ஒரு அத்தை இருந்தார், பிரசவத்தில் இறந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். 1987, ஐப்பசி மழை. வலி எடுத்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி செய்து நாலு பேர் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். வண்டிப் பாதை வருகிற இடம்வரை தூக்கிவிட்டால் போதும், பிறகு அரூர் ஆஸ்பத்திரி. அப்பா பின்பக்கம், இடது தோள்.

"முன்ன போறவனுக்கு வழி தெரியும். பின்ன போறவனுக்கு மூஞ்சி தெரியும்."

பாதி வழியில் அத்தை முனகுவது நின்றுவிட்டது. லாந்தர் வெளிச்சத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது. மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"நீங்க சொல்லலயா?"

"சொன்னா எறக்கி வெச்சிருவானுங்க" என்றார். "எறக்கி வெச்சா முடிஞ்சி போச்சின்னு ஆயிரும் இல்ல? கீழ வரிக்கும் தூக்கிக்கிட்டு வந்துட்டன். ஒருமணி நேரம் இருக்கும். அவனுங்க தோள மாத்தி மாத்தி ஓடறானுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அடுத்த மாதம் மலையிலிருந்து இறங்கிவிட்டார். அதன்பிறகு நல்லது கெட்டதுக்கு ஏறியதோடு சரி, ஒரு ராத்திரி தங்கியதில்லை.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப்போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து, யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளும் உயரத்தில். அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்கு அது. நேபாளத்திலும் இறந்தவர் பெயரில் பாதையோரம் அரசும் ஆலும் வைத்து, சுற்றிக் கல்மேடை கட்டுகிறார்கள், சௌதாரி என்று, சுமைகாரர் முதுகை இறக்கிவைக்க. நான் பாட்டுக்கு அவற்றில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டியிருக்கிறேன்.

"அத்தைக்கு வெச்சீங்களா?"

"எங்கப்பன் வெச்சாரு. பாதையிலயே."

*

போன பங்குனியில் இருவரும் போனோம். அடிவாரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தோம். இப்போது மேலே தார் ரோடு போகிறது, வேறு பக்கமாகச் சுற்றி. பழைய பாதையில் யாரும் நடப்பதில்லை, உண்ணிச்செடி மூடிவிட்டது. அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது, முட்டி இரண்டும் தேய்ந்தவர். நான்தான் முன்னால் கத்தியால் செடியை விலக்கிக்கொண்டு போனேன். அவர் பின்னால் வந்தார், நாற்பது அடிக்கு ஒருமுறை நின்று. இந்த முறை எனக்கு அவசரம் இருக்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். நட்ட கல் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. என் நெஞ்சுயரம். மேலே இருந்த கல் சரிந்து முன்பக்கம் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. மாடு தள்ளியிருக்கலாம், பன்றி பறித்திருக்கலாம். எழுத்து எதுவும் இல்லை.

மண்ணைத் தோண்டி விளிம்பை எடுத்தேன். அப்பா துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுப்பினோம். முட்டி உயரம்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. மெல்லக் கீழே விட்டோம்.

அப்பா கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இதுக்கு நாலு பேரு வேணும்" என்றார்.

தண்ணீர் குடித்தோம். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று அவர்தான் முதலில் எழுந்தார்.